வெந்நீர் அடுப்பே வெந்த விவரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, உங்கள் மாமனார் தலைகுனிந்து எழுதுவது. இங்கே வெந்நீர் அடுப்பைத் தவிர அனைவரும் சுகம். அங்கே நீங்களும் மகளும் சுகமாக இருப்பீர்கள், இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்வரை.

நிலக்கரிச் சுரங்கத்தார் வேண்டாமென்று மலையாகக் கொட்டிய கழிவை அள்ளி அரைத்து, நீங்கள் முதன்முதலாகப் போட்ட செங்கற்கள் கொட்டகையில் காய்ந்துகொண்டிருந்தன. கட்டுமானக் கம்பெனிக்காரர் வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சாவியைக் கொடுத்தீர்கள். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். உங்கள் மாமியார், "ஏங்க, அந்தக் கல்லையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கீங்களே, உடைஞ்ச வெந்நீர் அடுப்பைக் கட்டித் தந்தா என்ன?" என்று கேட்டாள். கட்டுவதைக் கனமாகக் கட்டுவோமே என்று ஒரு கல் விடாமல் எடுத்தேன். சூளையில் வேகாத பச்சைக்கல், உள்ளே இன்னும் கரி மிச்சம் இருக்கிறது என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னது இந்த மண்டையில் ஏறவேயில்லை. விறகை மூட்டினேன். விறகு எரிந்து முடிந்தது. பிறகு அடுப்பு எரிய ஆரம்பித்தது. புகை தெருவை அடைக்க, பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஓடிவந்து, "விறகை வெளிய இழுங்க சார்!" என்று கத்தினார். "விறகே இல்லையே, அடுப்புதான்யா எரியுது!" என்றேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அடங்கியபோது பாதிக் கல் பொடிப்பொடி. மீதி சிவந்துபோய் நின்றது. இருந்த வேலையை உதறிவிட்டு, ஊரே சிரித்தபோதும் விடாமல் அந்த மண்ணோடு மல்லுக்கட்டினீர்கள். அந்த உழைப்பை ஒரு குளியலுக்குக் காவு கொடுத்துவிட்டேன். மனசு ஆறவில்லை மாப்பிள்ளை. இனி அந்தக் கொட்டகைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன்.

மகளுக்கு என் ஆசிகள். உங்களை ஆசீர்வதிக்கும் தகுதி இப்போதைக்கு எனக்கு இல்லை. மாமியார் தன் பங்கை அனுப்புகிறாள்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் கம்பெனிக்காரர் வந்துவிட்டார். பழி உங்கள் தலையில் விழக்கூடாதே என்று, அவர் வாயைத் திறக்குமுன், "நீங்க பாக்கிறதெல்லாம் நான் செஞ்சது சார், மாப்பிள்ளைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அவர் சிவந்த கல்லொன்றைத் தட்டிப் பார்த்தார், கீழே போட்டுப் பார்த்தார். உடையவில்லை. "தனியா கரி போடாம, தன் கரியிலயே வெந்திருக்கே! இந்தக் கல்லைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்!" என்றார். கல் மாப்பிள்ளை போட்டது, நான் கட்டியது அடுப்பு மட்டும்தான் என்று உடனே உண்மையைச் சொன்னேன். "பெரியவருக்கு எவ்வளவு தன்னடக்கம்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆர்டர் கிடைத்துவிட்டது மாப்பிள்ளை. என் பெயரில்.