டுமீல் அண்ணாச்சியும் இரவல் விரல்களும்

துப்பாக்கியைக் கையால் தொடாமலேயே துப்பாக்கிச் சண்டையில் உலகத்தின் முதல் ஆளாக நின்றவர் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் ஐந்தருவி டுமீல் அண்ணாச்சி. ஒப்புக்கொள்ளாதவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு அவர் பெஞ்சில் ஒரு தடவை குப்புறப் படுத்துப் பார்க்கட்டும். எழுந்திருக்கும்போது கட்சி மாறியிருப்பார்கள்.

அண்ணாச்சிக்குத் தொழில் எண்ணெய் மசாஜ். சில சீசன்களுக்கு முன்னால் நான் ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருந்தேன். லாட்ஜின் பக்கச் சுவரை ஒட்டி, தகரக் கூரைக்குக் கீழே அவருடைய மரப் பெஞ்சு. அருவிக்குப் போகிறவர்கள் அதில் படுத்து, உடம்பெல்லாம் எண்ணெயும் அடியும் வாங்கிக்கொண்டு, நேரே போய்த் தண்ணீருக்குக் கீழே நின்றுகொள்வார்கள். ரிசப்ஷன் ஜன்னல் வழியாக எனக்கு நாள் முழுக்க இதுதான் பொழுதுபோக்கு. லாட்ஜில் இருந்த டிவியை நான் போட்டதே இல்லை.

அந்தப் பெஞ்சில் ஒரு நாள் கொல்லத்திலிருந்து வந்த ஓர் ஆள் படுத்திருந்தார். முதுகு அண்ணாச்சியிடம், கண் செல்போனில். கழுத்தில் தொங்கிய பிளாஸ்டிக் உறைக்குள் போனை வைத்து, பெஞ்சின் விளிம்புக்கு வெளியே தலையை நீட்டி, கீழே தொங்கவிட்ட கைகளால் ஏதோ கேம் ஆடிக்கொண்டிருந்தார். கௌபாய் கேம். வெயில் காயும் ஒரு மரவீட்டு ஊர். தொப்பி வைத்த கொள்ளைக்காரர்கள் ஜன்னலிலும் பீப்பாய்க்குப் பின்னாலும் எட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் சுடுவதற்குள் நாம் சுட வேண்டும். நடுவே வாளி தூக்கிய ஒரு பெண்ணும் ஒரு பாதிரியாரும் குறுக்கே நடப்பார்கள். அவர்கள் மேல் குண்டு பட்டால் ஆட்டம் காலி. ஒரு டீ ஆறுவதற்குள் ஓர் ஆட்டம் முடிந்துவிடும். எங்கேயோ இரண்டு மூன்று பேர் சேர்ந்து வீட்டிலிருந்தே செய்த சின்ன கேம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

அண்ணாச்சி தோளைப் பிசைந்துகொண்டே எட்டிப் பார்த்தார். பார்த்தவருக்குப் பொறுக்கவில்லை.

"வலது பக்கம் நிக்கான் பாருங்க" என்று வலது தோளை அமுக்கினார். கொல்லத்துக்காரரின் விரல் தானாக வலது பக்கம் போயிற்று. "இப்பம் சுடுங்க, டுமீல்" என்று நடுமுதுகில் ஒரு தட்டு. கொள்ளைக்காரன் காலி. இடது தோள், தட்டு, டுமீல். வலது தோள், தட்டு, டுமீல்.

"சேட்டா, அடிபொளி" என்றார் கொல்லத்துக்காரர். அவர் அதுவரை எடுத்திராத பாயிண்ட்டாம். அன்றைக்குப் பிடித்தது அண்ணாச்சிக்கு அந்தக் கிறுக்கு.

மறுநாளே தன் போனை என்னிடம் கொடுத்து, "தம்பி, அந்தத் தொப்பிக்காரன் கேமை இதுல ஏத்தித் தாங்க" என்றார். ஏற்றிக் கொடுத்தேன். பெயர் கேட்டது. 'டுமீல்' என்றே போட்டேன். தொட்டுப் பார்த்தார். கேம் அசையவில்லை. துடைத்துவிட்டுத் தொட்டார், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொட்டார், சீயக்காய் தேய்த்துக் கழுவிவிட்டும் தொட்டார். போனுக்கு அது விரலாகவே தெரியவில்லை. காலம்காலமாக எண்ணெயில் ஊறி, அவர் விரல்கள் கண்ணாடிபோல வழவழத்துப் போயிருந்தன. ரேஷன் கடை மெஷினே அவர் கட்டை விரலை மதிக்காது. அரிசி வாங்க அவர் மனைவிதான் போக வேண்டும்.

வேறொருவர் என்றால் அத்தோடு விட்டிருப்பார். அண்ணாச்சி, படுக்க வருகிறவர்களின் விரலை இரவல் வாங்க ஆரம்பித்தார்.

யார் வந்து படுத்தாலும் முதலில் கையில் போன். பிறகுதான் முதுகில் எண்ணெய். வலது தோளை அமுக்கினால் வலது பக்கத்து ஆள். இடது தோள் என்றால் இடது பக்கம். காதைப் பிடித்து இழுத்தால் பீப்பாய்க்குப் பின்னால் ஒளிய வேண்டும். நடுமுதுகில் தட்டினால் சுட வேண்டும். "டுமீல்" என்று வாயும் சொல்லும். மூளை அண்ணாச்சியுடையது, விரல் ஊராருடையது, வலி மட்டும் படுத்திருப்பவருக்குச் சொந்தம்.

கொள்ளைக்காரர்கள் வலது பக்கமே அதிகம் வந்த ஒரு நாளில், மதுரைப் பக்கத்து வக்கீல் ஒருவர் ஒரு தோள் இறங்கிப் போய், கிழக்கே போவதாக நினைத்து மேற்கே நடந்தார். திருவேங்கடத்திலிருந்து வந்த ஒரு விவசாயி, "எனக்குக் கால்லதானய்யா வலி, காலைத் தொடவே இல்லையே" என்று கேட்டதற்கு, "காலுக்கு இந்தக் கேம்ல வேலை இல்லய்யா" என்று அண்ணாச்சியிடமிருந்து பதில் வந்தது. ஒரு தடவை கூரையிலிருந்து இறங்கிய குரங்கு போனைப் பிடுங்கிக்கொண்டு உச்சியில் போய் உட்கார்ந்து திரையைச் சுரண்டியது. போனை மீட்டுப் பார்த்தால் குரங்கு வக்கீலைவிட அதிகப் பாயிண்ட் எடுத்திருந்தது.

புதுமணத் தம்பதி ஒன்று வந்தது. கணவன் படுத்தான், மனைவி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவன் முதல் அடியிலேயே பாதிரியாரைச் சுட்டுவிட்டான். "இங்க குடுங்க" என்று அவள் போனை வாங்கிக்கொண்டாள். அடி அவன் முதுகில், ஆட்டம் அவள் கையில். ஆட்டம் முடிந்தது. "அண்ணாச்சி, இன்னொரு ரவுண்டு போடுவமா?" என்று கேட்டாள். "எனக்குப் போதும்" என்றான் அவன். அவனை யாரும் கேட்கவில்லை.

இதெல்லாம் விளையாட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தக் காதுகுத்து வீடு வரும்வரை.

அண்ணாச்சி வீட்டில் ஆண்பிள்ளை என்றால் போலீஸ், இல்லாவிட்டால் மிலிட்டரி. அண்ணாச்சியும் போலீஸ் செலக்‌ஷனுக்குப் போனவர்தான். மார்பை விரிக்கச் சொன்னார்கள். மூச்சை நன்றாக இழுத்தார், வயிறு விரிந்தது. அதோடு வந்துவிட்டார். அவருடைய அண்ணன் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கீழப்பாவூரில் வீடு. சொந்த வீட்டிலேயே எல்லாரும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பியின் விரலில் ரேகை இல்லாத விஷயம் தெரிந்து, "நீ திருடப் போயிருந்தா எங்களால புடிச்சிருக்கவே முடியாதுலே. அதுக்கும் போகல" என்று சொன்னவர் அவர்.

சொந்தத்தில் நடந்த அந்தக் காதுகுத்தில் சார் தன் பழைய சிநேகிதர்களிடம், "இவன் என் தம்பி. குற்றாலத்துல ஆயில் பிசினஸ் பண்ணுதான்" என்று அறிமுகப்படுத்தியிருக்கிறார். ஒருவர் அதை நம்பி, பெட்ரோல் பங்க் எடுக்க என்ன செய்ய வேண்டும் என்று பந்தி முடியும்வரை அண்ணாச்சியைக் கேட்டுத் தொளைத்துவிட்டார்.

திரும்பி வந்த அண்ணாச்சி என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார்: "எண்ணெய் தேய்க்கான்னு சொன்னா என்ன தம்பி, வாய் வெந்திருமா?"

சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நானும் விடல. ஞாயித்துக்கெழம குளிக்க வாங்கண்ணே, ஒலகத்துலயே மொத ஆளா நிக்கத நேர்ல காட்டுதேன்னு சொல்லிட்டேன்."

தொப்பிக்காரன் கேமில் உலகம் முழுக்க ஆடுகிறவர்களின் பெயர்கள் பாயிண்ட் வரிசையில் நிற்கும். ஞாயிறு சாயங்காலம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அண்ணாச்சி அந்த வாரம் வெறி பிடித்தவர்போல ஆடினார். சனிக்கிழமை இருட்டுவதற்குள் 'டுமீல்' இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. மேலே ஒரே ஒரு பெயர், எந்த நாட்டுக்காரனோ. எழுத்தே எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. "நாளைக்குக் கூட்டம் வரும். நல்ல வெரலா ஒண்ணு வந்து படுத்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மலையில் மழை கொட்டி, ஐந்தருவி ஐந்தும் ஒன்றாகச் சேர்ந்து செம்மண் நிறத்தில் விழுந்தது. குளிக்கத் தடை. போலீஸ் விசில் ஊதி எல்லாரையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. குளியல் இல்லாவிட்டால் எண்ணெய் எதற்கு? மதியம் தாண்டியும் பெஞ்சு காலி. உலகத்தின் இரண்டாவது துப்பாக்கி வீரர் எண்ணெய்க் குப்பியைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்து நின்றார்.

கடைசியில் ஜன்னல் பக்கம் வந்தார். "தம்பி, நீங்க சும்மாதான இருக்கிய."

எனக்குப் பயங்கரக் கூச்சம். யாராவது தோளில் கை போட்டாலே நெளிவேன். அண்ணாச்சிக்கும் அது தெரியும். "நீங்க வாயால சொல்லுங்க, அதுபடி நான் ஆடுதேன், தொடாம இருங்களேன்" என்றேன். "முதுகு இல்லாம எனக்குக் கை ஓடாது தம்பி" என்றார். அந்த முகத்தைப் பார்த்தபின் சட்டையைக் கழற்றாமல் இருக்க முடியவில்லை.

அவர் வலது தோளைத் தொட்டார். நான் சிரித்தேன். இடது தோளைத் தொட்டார். பெஞ்சிலிருந்து பாதி கீழே போனேன். அந்தச் சில நிமிஷங்களில் நான் பாதிரியாரையும் வாளிக்காரியையும் ஒரு குதிரையையும் சுட்டேன். கொள்ளைக்காரர்களுக்கு என்னால் ஒரு தொந்தரவும் இல்லை.

அந்தக் கோலத்தில்தான் காரிலிருந்து சார் இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மழைக்குக்கூட வளையாத மீசை. நெளிந்துகொண்டிருந்த என்னையும் தம்பியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எங்கலே ஒன் ஒலகம்?"

அண்ணாச்சி குனிந்துகொண்டார். அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழுந்து நின்று, "ஆள் இல்லாமதான் சார் நிக்காரு. உங்களால முடிஞ்சா நீங்க படுங்க" என்று சொல்லிவிட்டேன்.

சார் ரோட்டைப் பார்த்தார். தெரிந்த முகம் ஏதும் இல்லை. தூரத்தில் விசிலோடு ஓர் இளம் கான்ஸ்டபிள் மட்டும். என்ன நினைத்தாரோ, சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் படுத்தார். தம்பியின் கை அண்ணன் முதுகில் பட்டது அதுதான் முதல் தடவை.

ஆட்டம் ஆரம்பித்தது. கொள்ளைக்காரன் எட்டிப் பார்த்தான். சார் போனைப் பார்த்து அதட்டினார்: "ஏலே, கைய மேல தூக்கு. சுட்டுருவேன்." அவன் தூக்கவில்லை, சுட்டான்.

"அண்ணே, அது பொம்மைண்ணே. சொல்லாம சுடுங்க."

"வார்னிங் குடுக்காம சுட்டா ஆர்டிஓ விசாரணை வரும்லே."

அடுத்த ஆட்டத்தில் சார் வாயை மூடிக்கொண்டார். அண்ணாச்சி தோளை அமுக்கினார், விரல் சரியாகப் போய் நின்றது. சுட வேண்டும். தட்டு விழவில்லை. நான் பார்த்தேன்: அண்ணாச்சியின் கை காற்றில் நின்றுகொண்டிருந்தது. ஊரில் எத்தனையோ முதுகுகளைச் சாத்திய கை, அண்ணன் முதுகுக்கு மேலே வந்து இறங்க மறுத்தது. இந்த ஆட்டமும் போயிற்று.

"ஏம்லே தட்டல?"

"எப்பிடிண்ணே ஒங்கள அடிக்க?"

சார் போனை நேராகப் பிடித்துக்கொண்டார். அப்புறம் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "அடிலே. நான்தான் சொல்லுதேன்."

விழுந்தது பாருங்கள் ஒரு அடி. அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. டுமீல். அதில் காதுகுத்து வீடு இருந்தது. வலது தோள், டுமீல். அதில் பெட்ரோல் பங்க் இருந்தது. இடது தோள், காது, டுமீல், டுமீல். சின்ன வயதில் அண்ணன் பிடுங்கிக்கொண்ட பம்பரம்கூட இருந்திருக்கும். சார் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அவர் விரலோ, சர்வீஸ் முழுக்க ஒரு அப்பாவியையும் தொடாத விரல். வாளிக்காரி அத்தனை தடவை குறுக்கே போயும் அவள் மேல் ஒரு தூசி படவில்லை. அண்ணாச்சி அமுக்க, சார் அடங்கிப் போக, ஆட்டம் நீண்டுகொண்டே போயிற்று. நான் சாருடைய சட்டையைக் கசக்கிப் பிழிந்துகொண்டு நின்றேன்.

ஆட்டம் முடிந்து பட்டியல் வந்தது. முதலிடத்தில் 'டுமீல்'. விளங்காத எழுத்துக்காரன் அதற்குக் கீழே.

அண்ணாச்சி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். தொட்டுப் பார்க்க விரலை நீட்டிவிட்டு, எதற்கு என்று இழுத்துக்கொண்டார்.

சார் எழுந்து, ரோட்டைப் பார்த்து, பழைய அதிகாரக் குரலில் கூப்பிட்டார்: "ஏ கான்ஸ்டபிள், இங்கன வாப்பா." அந்தப் பையன் ஓடி வந்து சல்யூட் அடித்தான். முதுகெல்லாம் சிவப்புச் சிவப்பாகக் கைத்தடம், மேலெல்லாம் எண்ணெய் வழிய நின்றபடி, சார் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஒலகத்துலயே மொத ஆளு யாருன்னு பாத்துக்க. இவன் என் தம்பி. இங்கன எண்ணெய் தேய்க்கான்."

அன்று சாயங்காலமே பட்டியலை அழித்துவிட்டார்கள். அடுத்த வாரப் பட்டியலில் அண்ணாச்சி எங்கே இருந்தார் என்று கேட்காதீர்கள். சார் மட்டும் அதன் பிறகு மாதம் ஒரு தடவை வந்து படுக்கிறார், முதுகு வலி என்று சொல்லிக்கொண்டு.

நான் லாட்ஜ் வேலையை விட்டு ரொம்ப நாளாகிறது. ஆனாலும் சாரல் விழுந்ததும் ஐந்தருவிக்குப் போய்விடுகிறேன். அண்ணாச்சி போனை என் கையில் வைத்து, "பாதிரியாரைப் பாத்துக்கிடுங்க தம்பி" என்கிறார். எனக்குக் கூச்சம் இன்னும் போகவில்லை. இருந்தாலும் படுத்துக்கொள்கிறேன்.