பிரசவ நாற்காலி மேல் ஒரு பிரசங்கம்

நம் கான்ஸ்டான்டிநோபிள் நகரத்தில் பூனைகள் அதிகம் என்பார்கள். பூனைகளைத் தோற்கடிக்கும் எண்ணிக்கையில் இன்னொரு பிராணி இங்கே உண்டு. நீங்கள் "சௌக்கியமா?" என்று வாயெடுப்பதற்குள், "கிறிஸ்து ஆதியிலிருந்தே பிதாவோடு இருந்தவரா, பிதாவால் பிறகு உண்டாக்கப்பட்டவரா? நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டு, பதில் பிடிக்காவிட்டால் சௌக்கியம் விசாரிக்காமலே போய்விடும் பிராணி. பிஷப்புகளைச் சொல்லவில்லை, அவர்களுக்கு அது தொழில். நான் சொல்வது கார்ப்போஸைப் போன்றவர்களை.

கார்ப்போஸ் துறைமுகத்தில் பாய்மரத் துணி தைப்பவர். கிறிஸ்து என்றென்றும் இருந்தவர் என்பது அவர் கட்சி. "உண்டாக்கப்பட்டவர்" என்று ஒரு மாலுமி வாய்தவறிச் சொன்னதற்காக, பாதி தைத்த பாயை அப்படியே திருப்பிக் கொடுத்தவர். சாவு வீட்டுக்குப் போய், "போனவர் எந்தப் பக்கம்?" என்று விசாரித்துவிட்டுத்தான் அழலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

இப்பேர்ப்பட்டவரின் மனைவி மெலித்தாவுக்கு ஒருநாள் காலையில் இடுப்பு வலி எடுத்தது. தலைப்பிரசவம்.

"என்னங்க, ஓடிப்போய் மருத்துவச்சி சோசிமே அக்காவக் கூட்டிட்டு வாங்க. வழியில யார்கிட்டயும் வாயக் குடுக்காதீங்க. ஒங்களக் கும்பிடறேன்."

"நான் ஏன் குடுக்கப்போறேன்?" என்று கார்ப்போஸ் ஓடினார். மீன் கடை டோரோஸ் வேண்டுமென்றே, "என்ன கார்ப்போஸ், அப்பனும் மகனும் ஒரே வயசா?" என்று சீண்டினான். கார்ப்போஸ் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிப் போனார். அவர் வாழ்க்கையில் அதுவரை நடக்காத அற்புதம் அது.

சோசிமே தயாராகத்தான் இருந்தாள். பெண்கள் உட்கார்ந்து பிள்ளை பெறும் பிரசவ நாற்காலியைத் தூக்கிக் கார்ப்போஸ் தோளில் ஏற்றிவிட்டுத் தெருவில் இறங்கினாள். நடக்க நடக்கக் கார்ப்போஸுக்கு ஒரே யோசனை. மெலித்தா பிழைப்பாளா, குழந்தை பிழைக்குமா? பயம் வந்தால் சிலருக்கு வயிறு கலங்கும். கார்ப்போஸுக்கு நாக்கு அரிக்கும்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க. கிறிஸ்து இருந்தவரா, உண்டாக்கப்பட்டவரா?"

சோசிமே நின்றாள். ஐயோ, அவளும் அதே பிராணி!

"முப்பது வருஷமா பிரசவம் பாக்கறேன் தம்பி. அப்பனுக்கு முன்னாடி பொறந்த புள்ளய நான் பாத்ததில்ல. அப்பன் முந்தி, புள்ள பிந்தி. இதுக்கு மேல என்ன வேணும்?"

"அது மனுசக் கணக்கு அக்கா! புள்ளையே இல்லாம ஒருத்தர் எப்படி அப்பா? என்னைக்கும் பிதான்னா, என்னைக்கும் குமாரன் இருக்கணும்ல?"

"அப்ப நீ நேத்து யாரு? அப்பனா, வெறும் ஆளா?"

டோரோஸ் மீன் வெட்டும் கத்தியோடு வந்து சேர்ந்தான். ரொட்டி வாங்கப் போனவர்கள் நின்றார்கள். தெருவின் வலப்பக்கம் ஒரு கட்சி, இடப்பக்கம் ஒரு கட்சி. நடுவில் மாட்டிக்கொண்ட வெங்காய வண்டிக்காரனை இரண்டு கட்சியும் தங்கள் பக்கம் இழுத்தன. பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று யாரோ கத்தவே, கார்ப்போஸ் நாற்காலியை நடுத்தெருவில் இறக்கி, அதன்மேல் ஏறி நின்றார். எத்தனையோ சிசுக்களைப் பூமிக்கு இறக்கிய நாற்காலி, முதன்முறையாக ஒரு பாய் தைக்கிறவரை மேலே ஏற்றியது.

"கீழ எறங்குடா, அது என் நாற்காலி!" என்றாள் சோசிமே. பிறகு, "முடிச்சிட்டு எறங்கு. அடுத்து நான் ஏறணும்."

வெயில் தலைக்கு ஏறியபோதுதான் கார்ப்போஸுக்கு மெலித்தாவின் நினைவு வந்தது. பேச்சு பாதியில் அறுந்தது. முகம் வெளுக்க, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சோசிமே பின்னால் ஓடினாள். வாதம் முடியாததால் கூட்டமும் ஓடியது.

வீட்டில் அழுகைச் சத்தம். குழந்தையின் அழுகை! அடுத்த வீட்டு லிகியா கைகழுவிக்கொண்டிருந்தாள். கிறிஸ்துவை ஏற்காமல், இன்னும் பழைய கிரேக்கப் பெண்தெய்வம் ஆர்ட்டெமிஸுக்குச் சாம்பிராணி போடுகிறவள். அதற்காகவே கார்ப்போஸ் அவளோடு நான்கு வருடமாகப் பேசுவதில்லை.

"பொண்ணு," என்றாள் லிகியா. "ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

கார்ப்போஸ் மகளைக் கையில் வாங்கினார். நனைந்த பூனைக்குட்டி கனம்கூட இல்லை.  துணியை இழுத்து அவள் காலை மூடினார்.

மெலித்தா கண்ணைத் திறந்தாள். "இவ வந்து ஒரு மணி நேரமாச்சு. அப்பா இப்பதான் வர்றாரு."

வாசலில் நின்ற கூட்டம் திகைத்தது. புள்ள முந்தி, அப்பன் பிந்தி! இப்படி ஒரு கட்சி எந்தச் சபையிலும் கிடையாதே? கார்ப்போஸ் சோசிமேயைப் பார்த்தார். சோசிமே கார்ப்போஸைப் பார்த்தாள்.

"இது சுத்த விபரீதம்," என்றாள் சோசிமே.

"கண்டிக்கணும்," என்றார் கார்ப்போஸ்.

இருவரும் ஒரே குரலில் பேசியது அன்றுதான். மெலித்தா குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தும்படி லிகியாவிடம் சொன்னாள். கார்ப்போஸ் கதவுக்கு வெளியே இருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன்: தெருவில் வாதம் நடந்தபோது நீங்கள் மெலித்தாவை நினைத்தீர்களா, இல்லை, சோசிமேவுக்குச் சொல்ல இன்னும் நல்ல பதில் ஒன்றை மனசுக்குள் தேடினீர்களா? பதில் கிடைத்துவிட்டதா? வேண்டாம், என்னிடம் சொல்லாதீர்கள். எனக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது. ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.