ஊரார் பிள்ளைகளைக் கப்பலேற்றுகிறவர்

மனிதர்களில் அனுப்பி வைப்பவர் என்று ஓர் இனம் உண்டு. இந்த இனத்தார் தாம் எங்கும் போகமாட்டார்கள். மற்றவர்களை அனுப்பி வைப்பார்கள். நாட்டை முன்னேற்ற வேண்டும், குடும்பங்களைத் தூக்கி நிறுத்த வேண்டும், அதற்கு இளம் பெண்கள் சீமைக்குப் போய்த் தாதி வேலை படிக்க வேண்டும் என்று காலையில் பல் விளக்கும்போதே தீர்மானித்துவிட்டு, யாருடைய மகளை அனுப்பலாம் என்று பார்க்க வெளியே கிளம்பிவிடுவார்கள். யாருடைய மகளை? அதுதான் கேள்வி. பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

வட்டக்கச்சியில் எங்களுக்கு வாய்த்தவர் மயில்வாகனம். வடமராட்சியில் புகையிலைத் தோட்டம் செய்துகொண்டிருந்தவர், குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி இங்கே வந்து எட்டு வருடமாக நெல் விதைக்கிறார். நெல் அவருக்குத் தொழில். தாதிகள் அவருக்கு இலட்சியம். சட்டைப்பையில் இரண்டு பேனா, கக்கத்தில் நாடா கட்டிய ஃபைல், ஃபைலுக்குள் நீல நிற விமானத் தபால் உறைகள். லீட்ஸ், ஷெஃபீல்ட் என்று அவர் சொல்வதைக் கேட்டால் இரண்டும் பரந்தனுக்கு அடுத்த பஸ் தரிப்புகள் என்றே நினைப்பீர்கள். அவர் கொழும்புக்கே ஒரேயொரு தடவைதான் போயிருக்கிறார் என்பதையும், அதுவும் மழையில் நனைந்து தடிமன் பிடித்து மறுநாளே திரும்பிவிட்டார் என்பதையும் நாங்கள் அவர் முன்னால் பேசுவதில்லை.

தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து வந்த மீராசாகிபு சந்தியில் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடை வாசலில் போட்ட வாங்குப் பலகையில்தான் மயில்வாகனத்தாரின் பொருளாதார விரிவுரை நடக்கும். தேயிலைக்கு விலை விழும், றப்பருக்குப் பதிலாக வெள்ளைக்காரன் வேறு எதையாவது கண்டுபிடிப்பான், தென்னையை வண்டு தின்னும். ஆனால் ஊசி போடவும் காயம் கட்டவும் தெரிந்த கைக்கு எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் விலை விழாது என்பார். சீமையில் கிழவர்கள் பெருகிவிட்டார்களாம். பார்க்க ஆளில்லையாம். அங்கே ஒரு கிழவர் இருமினால் இங்கே அந்நியச் செலாவணி வருமாம். எங்கள் நாட்டின் நாலாவது ஏற்றுமதி நேர்ஸ்மார்தான் என்று முடிப்பார். மற்ற மூன்றையும் கப்பலில் ஏற்றும்போது தாய்மார் வந்து நின்று அழுவதில்லையே என்று மீராசாகிபு ஒருநாள் கேட்டுவிட்டார். மயில்வாகனத்தார் பத்திரிகையின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் அவரை வெல்ல முடியாது. செத்தவீட்டில் ஒருத்தி மயங்கி விழுந்தால் நீங்களும் நானும் விழுந்தவளைப் பார்ப்போம். இவர் செம்புத் தண்ணீரோடு ஓடுகிறவளைப் பார்ப்பார். முகத்தில் தண்ணீர் தெளித்து, தலையை மடியில் வைத்து, சுற்றி நின்று ஒப்பாரி வைப்பவர்களை அதட்டி விலக்குகிறாளா? போதும். சவம் எடுப்பதற்கு முன்பே, பிள்ளை எஸ்.எஸ்.சி. பாஸோ என்று தகப்பனிடம் விசாரணை போய்விடும். பிறகு விண்ணப்பம், வடக்கு இங்கிலாந்தில் அவருக்குப் பழக்கமான ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து பதில், கடைசியில் ஒருநாள் கிளிநொச்சி ஸ்ரேஷன். அங்கே ரயில் வரும்வரை பிரசங்கம் செய்வார். ரயில் வந்த பிறகும் செய்வார். கார்ட் பச்சைக் கொடி காட்டினால்தான் நிறுத்துவார். ரயில் மறைந்ததும் பெண்ணைப் பெற்றவளிடம் போய், "அழாதேங்கோ. நாட்டுக்குச் செய்யிற சேவை" என்பார். எல்லாத் தாய்மாருக்கும் இந்த ஒரே வசனம்தான்.

ஆனால் இருபத்தொரு வயதாகாத பெண்ணென்றால் பெற்றவரோ பாதுகாவலரோ சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். இங்கேதான் தகப்பன்மார் பின்வாங்குவார்கள். இங்கிலீசுக் காகிதத்தில் கையெழுத்து வைத்தால் காணி கைமாறிவிடுமோ என்று பயம். முதன்முதலாகப் போகவிருந்த பத்மாசனியின் தகப்பன், பக்கத்துக் காணி யோகலிங்கம், அவளுடைய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் வயலுக்கே போகவில்லை. மயில்வாகனத்தார் பார்த்தார். பேனாவை எடுத்து, பாதுகாவலர் என்று போட்டு, தாமே கையெழுத்து வைத்துவிட்டார். பத்மாசனி கப்பலேறினாள். அன்றிலிருந்து ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் அவரே பாதுகாவலர். அந்த ஆஸ்பத்திரியின் தலைமைத் தாதி, அதாவது மேட்ரன், இவரை ஏதோ அநாதை மடத்து அதிபர் என்று நினைத்திருக்க வேண்டும்.

கையெழுத்துக்கு நேரம் பார்க்க வேண்டாமா? ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியாகப் பஞ்சாங்கம் புரட்டினால் கப்பல் போய்விடும். ஆகவே பெண்ணின் பெயருக்கு மட்டும் இடம் விட்டு, ஒரே மாதிரி இருபது சம்மதக் கடிதங்களை வவுனியாவில் தட்டச்சில் அடிப்பித்து வைத்துக்கொண்டு, விசயதசமியன்று காலை குளித்து, திருநீறு பூசி, சுபவேளையில் இருபதிலும் ஒரே மூச்சில் கையெழுத்து வைத்துவிடுவார். வருடம் முழுவதற்கும் அது போதும். பெயரை நிரப்பி, உறையில் விலாசம் எழுதி, முத்திரை ஒட்டித் தபாலில் சேர்ப்பது அவருடைய மகள் கமலாசனியின் வேலை. அவளுடைய இங்கிலீசு எழுத்து அத்தனை அழகு.

கமலாசனிக்கு அப்போது பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.சி. பாஸ். வயலில் அரிவு வெட்டும்போது கையை அறுத்துக்கொண்டவர்கள் டிஸ்பென்சரிக்குப் போவதற்கு முன்னால் அவளிடம்தான் வருவார்கள். கொதித்தாறிய தண்ணீரில் கழுவி, பழைய வேட்டித் துணியைக் கிழித்து, அழகாகக் கட்டி அனுப்புவாள். அவளைக் கண்டுபிடிக்கச் செத்தவீடு எதுவும் தேவையில்லை. ஒருநாள் தகப்பனிடம் தானும் போகட்டுமா என்று கேட்டாள். நான் அப்போது முற்றத்தில் நின்றேன். நோயாளியைப் பார்ப்பது சாமிக்குச் செய்யும் தொண்டு என்று அன்று காலையில்தான் அவர் கடையில் பேசிவிட்டு வந்திருந்தார்.

"ஊரான்ர பீச்சட்டி தூக்கவோ உன்னைப் படிப்பிச்சனான்?" என்றார்.

வவுனியாவில் ஒரு கிளாக்கருக்கு அவளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நேர்ஸ் வேலைக்குப் போன பெண்ணை எந்த நல்ல இடத்தில் எடுப்பார்கள் என்று என் பக்கம் திரும்பிக் கேட்டார். பதினொரு பெண்களை அனுப்பியவர் கேட்ட கேள்வி இது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் நானும் ஒரு பெண்ணைப் பெற்றவன், தலையை ஆட்டிவிட்டு வந்தேன். கமலாசனி உள்ளே போய்விட்டாள். அன்றைய உறைகளுக்கு அவள் இன்னும் விலாசம் எழுதியிருக்கவில்லை.

இரண்டு மாதம் போயிற்று. எங்கள் பகுதித் தபாலெல்லாம் மீராசாகிபுவின் கடையில்தான் இறங்கும். சீமைக் கடிதம் வந்தால் மயில்வாகனத்தார் அதை வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டார். எல்லோரும் கூடும்வரை காத்திருந்து, உறையை ஓரமாகக் கிழித்து, இங்கிலீசில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று வாசிப்பார். பெயரைக் கடைசியில்தான் சொல்வார். அன்றைக்குக் கடையில் நான் இருந்தேன். எண்ணெய் வாங்க வந்த அன்னபாக்கியம், அதாவது பத்மாசனியின் தாய், போத்தலோடு நின்றார். உங்கள் பாதுகாப்பில் உள்ள பன்னிரண்டாவது பெண்ணையும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறோம் என்று மேட்ரன் எழுதியிருந்தார். நாங்கள் கைதட்டினோம். இந்தப் பிள்ளையைப் பெற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று மயில்வாகனத்தார் ஒரு நிமிடம் பேசினார். பிறகு பெயரைப் பார்த்தார். தாளை அவசரமாக மடிக்கப் போனார். கடிதத்தை நான் வாங்கி வாசித்தேன்.

மிஸ் மயில்வாகனம் கமலாசனி.

இது பிழை என்றார் மயில்வாகனத்தார். தமக்குத் தெரியாமல் பெயர் நிரப்பப்பட்டது என்று இன்றைக்கே மேட்ரனுக்கு எழுதப் போவதாகச் சொன்னார். மீராசாகிபு நிதானமாக, கையெழுத்து உங்களுடையதுதானே என்று கேட்டார். அதுதானே சிக்கல். கையெழுத்து அவருடையது, நேரமும் நல்ல நேரம். வெற்றுக் கடிதத்தில் ஒப்பமிட்டதாக ஒரு வரி எழுதினால், அங்கே வார்டுகளில் நிற்கும் பதினொரு பிள்ளைகளின் கடிதங்களையும் அந்த மேட்ரன் வெளியே எடுப்பார். யோசித்துப் பாருங்கள். அந்தப் பதினொருவரில் ஒருத்திக்காவது இவர் பாதுகாவலரா? அவர் வாழ்நாளில் கையெழுத்து வைத்த சம்மதக் கடிதங்களில் உண்மையானது இந்த ஒன்றுதான்.

அன்னபாக்கியம் எண்ணெய்ப் போத்தலைக் கீழே வைத்தார். "என்ர பிள்ளை போகேக்க சேவை எண்டு சொன்னனீங்கள்" என்றார். "இப்ப உங்கட பிள்ளையை மறிக்கிறதுக்கு என்ர பிள்ளையின்ர கடிதத்தையும் பொய்யெண்டு எழுதப் போறியளோ?"

மயில்வாகனத்தார் எழுந்து வீட்டுக்கு நடந்தார். என்ன நடக்குமோ என்று நானும் பின்னால் போனேன். கமலாசனி ஒளிக்கவுமில்லை, அழவுமில்லை. விண்ணப்பத்தையும் கடிதத்தையும் தான்தான் நிரப்பியதாகச் சொன்னாள். அவர் கத்தினார், கிளாக்கரின் பெயரைச் சொல்லிக் கத்தினார், குடும்ப மானம் என்று கத்தினார். அவர் கத்தி முடிக்கும்வரை அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"நீங்கள் கடையில சொன்னதெல்லாத்தையும் நான் நம்பினனான், ஐயா" என்றாள்.

அவர் கதிரையில் இருந்துவிட்டார். எட்டு வருடமாக அந்தப் பிரசங்கத்தைக் கேட்டவர்களில் அதை உண்மையென்று எடுத்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான். நாங்கள் தேத்தண்ணீருக்காக இருந்தோம்.

மேட்ரனுக்கு அவர் எழுதவில்லை. கலியாணம் வேண்டாமென்று கிளாக்கர் வீட்டுக்குத்தான் எழுதினார். மாசி மாதம் கிளிநொச்சி ஸ்ரேஷனுக்கு எல்லோரும் போனோம். பிரசங்கத்துக்காக நாங்கள் வழக்கம்போல் சற்று விலகி இடம் விட்டு நின்றோம். அவர் பேசவில்லை. மகளுக்காகக் கொண்டுவந்த கோப்பி ஃபிளாஸ்கைக் கையில் பிடித்தபடி நின்றார். ரயில் வந்தது, அவள் ஏறினாள், கொடி காட்டினார்கள், ரயில் போய்விட்டது. ஃபிளாஸ்க் அவர் கையிலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் அந்த மனிதர் அழத் தொடங்கிவிட்டார். அன்னபாக்கியம் பக்கத்தில் போனார்.

"அழாதேங்கோ. நாட்டுக்குச் செய்யிற சேவை" என்றார்.

கேலியாகச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

சரி, நீங்கள் இவ்வளவு நேரமும் சிரித்திருப்பீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை எங்கே போக வேண்டும், என்ன படிக்க வேண்டும் என்று நீங்கள் யாருக்கும் சொன்னதே இல்லை, அப்படித்தானே? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இதை எழுதினேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்பதால், இதையெல்லாம் நல்ல பிரதி எடுப்பவள் என் மகள். ஸ்ரேஷன் கட்டம் வரை எழுதியவள் நிறுத்தி, இந்த வருடத்து விண்ணப்பத்துக்குக் கடைசித் திகதி எப்போது என்று கேட்டாள். முதலில் இதை எழுதி முடி என்று சொல்லிவிட்டேன். அவள் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போன நேரம், என் மேசை லாச்சியைத் திறந்து, கையெழுத்து வைத்த வெற்றுத்தாள் ஏதும் கிடக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.