கூரைக்குச் சூடு காட்டிய கதை

குளிர் நாட்டுக்கு வந்து சேர்ந்த எங்கள் ஆட்களுக்குச் சூட்டின் மேல் ஒரு பக்தி வந்துவிடும். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்தால் போதும், வீட்டில் யாராவது ஒருவர் கத்துவார். ரேடியேட்டரைத் தொட்டுக் கும்பிடாததுதான் குறை. எனக்கு அந்தப் பக்தி மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். என் தங்கச்சியின் கல்யாணத்தையே தண்ணீரில் கரைக்கப் பார்த்த பக்தி அது.

அப்போது நான் பாரிஸில், தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். புறநகரான ஓல்னே-சூ-புவாவில் வீடு வாங்கிக் குடிவந்த முதல் குளிர்காலம். மாடி இல்லாத ஓட்டு வீடு, அதற்கு மேலே ஒரு கொம்பிள். (கொம்பிள் என்றால் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே இருக்கிற இடம். குனிந்து நடக்க வேண்டும். மறந்து நிமிர்ந்தால் மரச்சட்டம் நினைவூட்டும்.) அப்பா, அம்மா ஊரில் இருந்ததால் தங்கச்சி நிர்மலா என்னோடும் என் மனைவி வாசுகியோடும் இருந்தாள். தன்னோடு வேலை செய்யும் ஒரு பாண்டிச்சேரிப் பொடியனை அவளுக்குப் பிடித்திருந்தது. பொடியனும் தங்கமானவன். ஆனால் அவனுடைய தகப்பன் ஓம் என்றால்தான் காரியம் நடக்கும். அவர் பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்வார் என்று தங்கச்சி எச்சரித்திருந்தாள்.

முதல் தொலைபேசிப் பேச்சிலேயே அவர் சாப்பாட்டு விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"கடையில விக்கிற மோர் மிளகா வெறும் உப்புங்க தம்பி. வாயில வைக்க முடியல."

"அதுக்கென்ன ஐயா, நீங்கள் இஞ்சை வரேக்கை வீட்டிலை போட்டதே தாறன்."

வாக்குக் கொடுத்த பிறகுதான் யோசித்தேன். அது ஜனவரி மாதம். பாரிஸ் ஜனவரி வெயிலில் ஒரு கைக்குட்டையைக்கூடக் காய வைக்க முடியாது. ஆனால் என்னிடம் கொம்பிள் இருந்ததே!

ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். தரை முழுக்க மஞ்சள் நிறத்தில் தடிப்பான கண்ணாடிப் பஞ்சு விரித்திருந்தது. பழைய வீட்டுக்காரர் பாவம், பழைய மெத்தைகளை எறிய மனமில்லாமல் இங்கே போட்டு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். (நம்புங்கள், அப்படித்தான் நினைத்தேன்.) எல்லாவற்றையும் சுருட்டி ஒரு மூலையில் அடைத்தேன். பிறகு இரவு முழுக்க உடம்பைச் சொறிந்தேன். கடையில் இருந்து கொண்டுவந்த பச்சை மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, பாய் விரித்துப் பரப்பினேன். பக்கத்தில் ஒரு மின்சார ஹீட்டர். வீட்டுச் சூடும் வீணாகாமல் மேலே வரட்டும் என்று ஏறும் கதவையும் திறந்தே விட்டேன்.

"இஞ்சாருங்கோ, கீழை விறைக்குது," என்றாள் வாசுகி, கம்பளிக்குள் இருந்து.

"கொஞ்சம் பொறும். சூடு மேலை போயிட்டு வரும்."

சூடு போனது. வரவில்லை.

அந்தக் கிழமைதான் பனி கொட்டியது. வழக்கமாக எங்கள் பக்கத்தில் விழுகிற பனி மத்தியானத்துக்குள் சேறாகிவிடும். அந்த முறை குளிர் விடவில்லை, பனி அப்படியே கிடந்தது. ஒரு காலை வேலைக்குப் புறப்பட்டவன் தெருவில் நின்று திரும்பிப் பார்த்தேன். எல்லார் வீட்டுக் கூரையும் வெள்ளையாக இருந்தது. எங்கள் கூரையில் மட்டும் மேல்பாதியில் ஓடு தெரிந்தது. கீழ் விளிம்பில் கூரைத் தண்ணீர் வழிந்தோடுகிற பீலி நிறைய ஐஸ், அதிலிருந்து பளபளவென்று முழ நீளத்தில் ஐஸ் ஊசிகள் வரிசையாகத் தொங்கின. தெருவிலேயே அலங்காரம் செய்த வீடு எங்களுடையதுதான்! பெருமை தாங்கவில்லை. படம் எடுத்து, சொந்தக்காரர் எல்லாரும் இருக்கிற வாட்ஸப் குழுவில் போட்டேன். ஊரில் இருந்து இதயங்கள் குவிந்தன. கனடாவில் இருக்கிற என் ஒன்றுவிட்ட தம்பி மட்டும் குரல் அனுப்பினான்.

"அண்ணை, அது அழகில்லை, வருத்தம், கூரைக்கு வந்த நோய். மேலை ஏறி என்ன நடக்குதெண்டு பாருங்கோ."

(கனடாக்காரருக்கு எங்கட பனியைக் கண்டாலும் பொறாமை.) ஆனாலும் மனதுக்குள் ஒரு முள் குத்தியது. பீலியில் இவ்வளவு ஐஸ் ஏன்? நான் கண்டுபிடித்த விடை: கூரைக்குக் குளிர் பிடித்துவிட்டது. நான் கொடுத்த மருந்து: இன்னொரு ஹீட்டர்.

ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரிக்காரர் வந்தார்கள். தகப்பன், தாய், பொடியன். ரூ பஜோல் கோயில் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். நல்ல சோபா வெளிச்சுவர் ஓரமாகக் கிடந்தது. தகப்பனை அதில் இருத்தினேன். நிர்மலா தேத்தண்ணி கொண்டுவந்தாள். ரோல்ஸ் வந்தது, வடை வந்தது. பேச்சு நன்றாகப் போனது. அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்து, "சுத்தமா வச்சிருக்கீங்க," என்றார். என் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

அப்போது அவருடைய வழுக்கையில் ஒரு சொட்டு விழுந்தது.

அவர் மேலே பார்க்கவில்லை. கௌரவமான மனிதர். கையால் துடைத்துவிட்டுப் பேசினார். இன்னொரு சொட்டு. மறுபடி துடைத்தார். பேச்சுவாக்கில் அதே கையால் கண்ணைக் கசக்கினார்.

பிறகு அவர் போட்ட சத்தம் லா சப்பல் மெத்ரோ வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஐயோ! எரியுது! இது என்ன தண்ணி?"

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. கூரையால் இறங்கிய தண்ணீர் என் பாய் வழியாக, மோரையும் உப்பையும் மிளகாயையும் கழுவிக்கொண்டு வந்திருக்கிறது. தாய்க்காரி எழும்பிவிட்டார். வாசுகி பாலுக்கு ஓடினாள். பொடியன் தகப்பனுடைய தலையைப் பிடித்தான். நிர்மலா, "செ பா வ்ரே, அண்ணா!" (இப்படியும் நடக்குமா!) என்று பிரெஞ்சில் கத்திவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் அழுகிற சத்தம் கேட்டது. அவளுடைய வாழ்க்கையை ஒரு மோர் மிளகாய்க்காகக் கெடுத்துவிட்டேனே!

ஈரத்துணியைக் கண்ணில் அழுத்தியபடி அவர் கேட்டார்.

"தம்பி, மேல என்ன இருக்கு?"

"மிளகாய், ஐயா."

"கூரையிலயா?"

"ஓம். உங்களுக்குத்தான்."

எழுந்து போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். எழுந்தார்தான், ஆனால் வாசலுக்குப் போகவில்லை. "ஏணியக் காட்டுங்க," என்றார்.

தாய்க்காரி தடுத்தார். அவர் கேட்கவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஏறினார், பின்னால் நான். மேலே போனதும் கோட்டைக் கழற்றி என் கையில் தந்தார். "என்ன தம்பி, இங்க நம்ம ஊரு சித்திரை வெயில் அடிக்குது!" குனிந்து மிளகாயைப் பார்த்தார், ஹீட்டர்களைப் பார்த்தார், ஓட்டின் அடியில் ஒழுகுகிற இடத்தைத் தொட்டுப் பார்த்தார். அவருக்குக் கோபத்தைவிட ஒரு கேள்விதான் பெரிதாக இருந்தது.

"வெளிய எல்லாம் உறைஞ்சு கெடக்கு. மழையும் இல்ல. அப்புறம் எங்கருந்து வருது தண்ணி?"

எனக்கும் அதுதான் தெரியவில்லை. இருவரும் இறங்கித் தெருவுக்குப் போனோம். நான் இடுப்பில் கட்டிய சாரமும் செருப்புமாக, அவர் ஒற்றைக் கண்ணும் குடையுமாக. குடையை நீட்டிப் பக்கத்து வீட்டைக் காட்டினார்.

"அவங்க கூரையில பனி அப்படியே இருக்கே. அவங்க வீட்டுல சூடு போட மாட்டாங்களா?"

"போடுவினம் ஐயா. அவையின்ரை சூடு கீழை நிக்குது. எங்கட சூடு..."

அதோடு நின்றேன். என் வாய் சொன்னது அப்போதுதான் என் மூளைக்குப் போய்ச் சேர்ந்தது.

மீதியை இருவருமாகச் சேர்த்தோம். மேலே போன சூடு கூரையின் நடுவில் பனியை உருக்கியிருக்கிறது. உருகிய தண்ணீர் விளிம்புக்கு ஓடியிருக்கிறது. விளிம்பு சுவருக்கு வெளியே நிற்பது, அதற்குக் கீழே வீடும் இல்லை, சூடும் இல்லை. அங்கே அது திரும்ப உறைந்து அணையாகிவிட்டது. பின்னால் வந்த தண்ணீருக்குப் போக வழியில்லை. அது ஓட்டுக்கு அடியால் ஏறி உள்ளே இறங்கிவிட்டது. பனிக்காலத்தில் கூரை குளிர்ந்து கிடக்க வேண்டும், அதுதான் அதற்கு ஆரோக்கியம். நான் மெத்தை என்று நினைத்த கண்ணாடிப் பஞ்சு, வீட்டுச் சூட்டைக் கீழேயே பிடித்து வைப்பதற்காகப் போட்டது.

"அப்ப நீங்க ரெண்டாவது ஹீட்டர எதுக்கு வச்சீங்க?"

"கூரைக்குக் குளிருதெண்டு நினைச்சன் ஐயா."

அவர் சிரிக்கத் தொடங்கினார். நடுத்தெருவில், குடையை ஊன்றிக்கொண்டு, ஒரு கண்ணால் அழுது மறு கண்ணால் சிரித்தார்.

ஹீட்டர்களை அணைத்தோம். மிளகாயைக் கீழே இறக்கினோம். ஓட்டுப் பக்கத்துக் காற்றுத் துவாரங்களில் நான் அடைத்திருந்த பழந்துணியைப் பிடுங்கினோம். (ஓம், அதையும் செய்திருந்தேன்.) கண்ணாடிப் பஞ்சை விரிக்க அவரும் கை கொடுத்தார். கதவை இறுக்கிச் சாத்திவிட்டு, இருவரும் சொறிந்துகொண்டே இறங்கினோம். குசினிக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. நிர்மலாவின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

அவர் மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

"சம்மதம்னு சொல்லிடு. எனக்காகச் சொந்த வீட்டையே உருக்குன ஆளுங்க இவங்க. ஆனா கல்யாணத்த மட்டும் இந்த வீட்டுல வெக்க வேணாம்."

கல்யாணம் மண்டபத்தில்தான் நடந்தது. மாப்பிள்ளைக்குக் குடை பிடித்து அழைத்து வருகிற நேரத்தில், "அவனுக்கு எதுக்கு? எனக்குப் பிடிங்க, தம்பி பக்கத்துல நிக்கிறாரு," என்று தகப்பன் சபைக்கே கேட்கும்படி சொன்னார். அதன் பிறகு எங்கள் இரு குடும்பத்திலும் இந்தக் கதை தெரியாதவர் கிடையாது. தெரியாமல் வருகிறவர்களுக்கும் அந்தச் சோபாவில் இருத்தி வைத்துத்தான் சொல்வார்கள்.

இப்போதும் முதல் பனி விழுந்தால் தொலைபேசி அடிக்கும். சுகம் விசாரிப்பெல்லாம் பிறகுதான்.

"தம்பி, உங்க கூரை வெள்ளையா இருக்கா?"

"வெள்ளை ஐயா. நல்ல வெள்ளை."

"அப்ப மோர் மிளகா?"

"கடையிலை வாங்கினதுதான்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"அப்ப உப்பாத்தான் இருக்கும்."