மாமாவின் பிரஷரும் என் பிரஷரும்

சேசு மரி சூசை துணை

ஆனைக்கரை,
9.9.1974

அன்பும் மரியாதையும் உள்ள மைத்துனர் மத்தியாஸ் அவர்களுக்கு, ஏலத்தோட்டத்துக் கங்காணி சூசையப்பன் தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் அக்கா இருதயம்மாளும் சுகம். கம்பத்தில் எல்லாரும் சுகமா என்று அறிய ஆவல். உங்கள் அய்யாவைப் பற்றிக் கேட்டால், சுகமில்லாமல் இருப்பதால் அவர் மிகவும் சுகமாக இருக்கிறார்.

போன மாதம் பிரஷர் என்று குமுளி டாக்டர் அளந்து சொன்னதாகச் சொல்லிக்கொண்டு மாமா மலையேறி வந்தார். அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்கு மதிப்பில்லை. அடுப்புக்கு அருகில் கட்டில் அவருக்கு, முதல் வெந்நீர் அவருக்கு, ரேடியோவில் அவர் கேட்கும் பாட்டு. பிரஷர்காரருக்குக் கோபம் வரக்கூடாதாம், அதனால் சீட்டாட்டத்தில் நான் தோற்க வேண்டும், அவர் சீட்டை மடிக்குள் ஒளிப்பதைப் பார்த்துக்கொண்டே தோற்க வேண்டும். வாயைத் திறந்தால், “சும்மா இருங்க, அய்யாவுக்கு ஏறிரும்” என்கிறாள் உங்கள் அக்கா. அவருக்கென்று உப்பில்லாக் கஞ்சி வைத்து, ஊட்டாத குறையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் என் கஞ்சி சூடாக இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. எனக்குப் பொறாமைதான், மறைக்கவில்லை. எனக்கும் காலையில் பின்னந்தலை வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். “பிரஷர்னா டாக்டர் அளந்து சொல்லணும். உங்களுக்கெல்லாம் எங்க இருக்கப் போகுது?” என்றாள்.

அந்த வார்த்தை பொறுக்கவில்லை. மறுநாள் காலை இரண்டு துண்டுக் கருவாட்டைச் சுட்டுத் தின்று, குமுளியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கூடுதலாகக் காட்டட்டும் என்று டாக்டர் வீட்டு ஏற்றத்தில் ஓடியே போய்க் கையை நீட்டினேன். டாக்டர் விவரமானவர். “ஓடி வந்தா சரியா காட்டாது, உட்காருங்க” என்று நெடுநேரம் உட்கார வைத்து, கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். மறுபடியும் அடித்தார். இருநூறு. “மாமாவைவிடக் கூடுதலா டாக்டர்?” என்றேன். “எந்த மாமா?” என்றார். எத்தனையோ பேர் வருவார்கள், மறந்திருப்பார். “வலி இல்லேன்னாலும் இது உள்ளுக்குள்ள கெடுத்துட்டே இருக்கும். தினமும் மாத்திரை. நல்லாயிட்டுதுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. உப்பு, ஊறுகாய், கருவாடு, பீடி வேண்டாம். தினமும் நடக்கணும்” என்றார். நான் இருநூறை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, ஜீப்பில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

கேட்டதும் இருதயம் சிலுவை போட்டுக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இனிக் கட்டில் எனக்குத்தான் என்று பார்த்தால், பீடிக்கட்டு அடுப்புக்குள் போனது, ஊறுகாய்ச் சாடி காணாமல் போனது. வெந்நீர் கேட்டால், “நீங்களே ஊத்திக்கங்க, டாக்டர் நடமாடச் சொல்லிருக்காரு” என்கிறாள். மாமா மட்டும் இன்னும் கட்டிலில். ஒரே வியாதிக்கு ஒரே வீட்டில் இரண்டு சட்டமா? ஆகவே கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து, உங்கள் அய்யாவைக் கீழே கூட்டிக்கொண்டு போகவும்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். தேவமாதா உங்கள் வீட்டைக் கைவிடாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
இருநூறு பிரஷர் உள்ள
சூசையப்பன்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும் முன் கொல்லைப்பக்கம் போனேன். கோழிக்கூட்டுக்குப் பின்னால் மாமா ஊறுகாய்ச் சாடியோடு உட்கார்ந்திருந்தார். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். “எனக்கு ஒரு பிரஷரும் இல்ல மாப்ள. உங்க அண்ணன் பிரஷர் ஏறி வாய்கோணி விழுந்ததுல இருந்து இருதயத்துக்குத் தூக்கமில்ல. கூப்புட்டா நீங்க டாக்டர்கிட்ட வருவீகளா? எனக்குச் சீக்குன்னு தாங்குனா பொறாமை பொறுக்காம நீங்களே ஓடுவீகன்னு அவதான் சொன்னா” என்றார். உங்களுக்கும் இது தெரியுமாம். எனக்காக இத்தனை நாள் உப்பில்லாக் கஞ்சி குடித்த மனுஷனை எப்படி அனுப்புவது? கூட்டிப் போக வர வேண்டாம். சும்மா பார்க்க வந்தால், அவருக்கு நல்ல கருவாடாகக் கொண்டு வரவும். அவர் தின்னும் நேரம் நான் நடக்கப் போய்விடுகிறேன். பக்கத்தில் இருந்து பார்த்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.