பொருளாதார மீட்சி உலர்களம்

கீழ்வேளூர் வட்டாரத்தின் பொருளாதாரம் மீண்டெழுந்த திருநாளில் உடனிருந்தவர்கள்: அமைச்சர், திட்டப் பொறியாளர் வசந்தகுமார், பந்தல்காரர் ஜாஃபர் சாதிக், என் தம்பி மகள் சுடர்விழி, நிலம் கொடுத்த குடும்பத்தின் மூத்தவன் என்ற முறையில் நான். பொருளாதாரமும் வந்திருந்ததாகப் பொறியாளர் சொன்னார். நான் பார்க்கவில்லை.

சரிந்து கிடந்த ஊரைத் தூக்கி நிறுத்த அரசு அனுப்பிய 'ஊக்க நிதி', எங்களூரில் நெல் உலர்களமாக அவதரித்தது. சுற்றுச்சுவர், இரும்புக் கதவு, கல்வெட்டில் என் தகப்பனார் பெயர், இனிஷியலோடு. அமைச்சர் வந்து திறக்கும்வரை ஈ, காக்கை நுழையக் கூடாது என்று உத்தரவு. எங்கள் குடும்ப கௌரவத்தை உத்தேசித்துச் சாவியை என்னிடம் ஒப்படைத்தார்கள்.

விழாவுக்கு முந்தின வாரம் சுடர்விழி குறுவை அறுத்தாள். ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். களத்துக்கு வெளியே தார்ச்சாலையில் கொட்டிப் பரப்பினாள். வானம் கறுத்தது.

"பெரியப்பா, கதவத் திறங்க. களம் நெல்லுக்குத்தானே?"

"நெல்லுக்குத்தான்மா. ஆனா அமைச்சர் திறந்தாத்தான் அது களம். அதுவரைக்கும் அது 'திட்டம்'."

"தாத்தா பேரு நனையாம பட்டுத்துணி போத்திட்டீங்க. என் நெல்லுக்கு ஒரு தார்ப்பாயாவது குடுங்க."

மேடை கட்டிக்கொண்டிருந்த ஜாஃபர் சாதிக் தலையைச் சொறிந்தார். "இருந்ததெல்லாம் நாற்காலிக்குப் போட்டாச்சும்மா. நனையக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"நாற்காலி முளைக்காது பாய். நெல்லு முளைச்சிடும்!"

விவரமில்லாத பேச்சு. நான் சாவியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டேன்.

மழை அமைச்சருக்காகக் காத்திருக்கவில்லை. விட்டுவிட்டுப் பெய்தது. விழாவன்றும் தூறல். வசந்தகுமார் ஒலிபெருக்கியில் முழங்கினார்: "இந்த மண்ணுல வளர்ச்சி முளைவிட்டுடுச்சு!"

"ஆமா சார், நல்லாவே விட்டிருக்கு" என்றபடி சுடர்விழி மேடையேறி, வெள்ளை வெள்ளையாக முளைத்த நெல்லை இரண்டு கை நிறைய நீட்டினாள்.

அமைச்சர் முளைப்பாரி என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கல்வெட்டு தெரியும்படி படம் எடுத்தார்கள். வாங்க ஆளில்லாத நெல்லைச் சுடர்விழி மாட்டுக்கு அள்ளிப் போட்டாள்.

இவ்வளவு செலவில் கட்டிய களத்தில் இன்றுவரை எதுவுமே காயவில்லை என்று கடைத்தெருவில் ஒரு வதந்தி உலவுகிறது. முழுப் பொய். விழாவில் நனைந்த சிவப்புக் கம்பளம் அங்கேதான் காய்ந்தது. கேட்டவுடன் கதவைத் திறந்துவிட்டவன் நானே.