வாயால் ஓடிய மாவு மில்

தீபாவளி மாலையில் மாவு மில் ஓட்டுகிற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் கொல்லிமலை வாசலூர்பட்டியில், எங்கள் அரசுக் குடியிருப்புக்கு எதிரில் இருந்தார். பெயர் யாருக்கும் தெரியாது. மில்காரர் என்று எழுதினால் தபால்கூட வந்து சேரும்.

அன்று அரைக்க ஒரு பிடி சாமைகூட வராது. கல் வெறுமனே ஓடித் தேய்ந்துவிடக் கூடாதென்று ஒரே மூட்டைத் தவிட்டைத் திரும்பத் திரும்ப அரைப்பார். பொழுது சாய்வதற்குள் அதை முகத்துக்குப் பூசலாம் போலாகிவிடும். இப்படி ஓட்டுவதெல்லாம் எங்கள் தெரு நாய்களுக்கும் பூனைகளுக்கும்தான். தினமும் மில் சத்தத்தில் உறங்கிப் பழகியவை அவை. அந்தச் சத்தத்துக்குள் இருந்தால் வெடிச் சத்தம் காதில் ஏறாது என்பார்.

என்னிடம் ராமு இருந்தான். முந்தைய தீபாவளியில் ஒரு சரவெடிக்கு மிரண்டு, மிளகுத் தோட்டங்களைத் தாண்டிக் காட்டுக்குள் ஓடி, கிழிந்த காதோடு திரும்பிய நாய். இன்னொரு முறை ஓடினால் திரும்புவான் என்ற நம்பிக்கை எனக்கில்லை. மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுப்பான் என்பதால் சொந்த ஊருக்கும் கூட்டிப் போக முடியாது. ஆகவே இரட்டைச் சங்கிலி போட்டு, கழுத்துப்பட்டையில் என் பெயர், வீட்டு எண், கைபேசி எண் எல்லாம் ஒழுங்காக எழுதி, மில்லுக்குக் கூட்டிப் போனேன்.

மில்காரர் பட்டையைப் பொறுமையாகப் படித்தார்.

“ஏனுங்க சார், காட்டுப்பன்னி இதைப் படிச்சுப் பாத்துட்டு ஊட்டுல கொண்டாந்து உடுமுங்களா?”

உள்ளே எல்லாப் பூனையும் வெள்ளைப் பூனையாகியிருந்தது. பக்கத்து வீட்டு நர்ஸம்மா ஒரு சேவலோடு வந்தார். மறுநாள் குழம்புக்கென்று வாங்கியது. குழம்புக்குப் போகிற சேவலுக்கு எதற்கு இந்த உபசாரம் என்று கேட்டேன்.

“நாளைக்குத்தானுங்க கறி. இன்னைக்கு அது விருந்தாளி” என்று மில்காரர் அதற்கும் ஒரு சாக்கை விரித்தார்.

மில் ஓடியது. ராமு குறட்டை விட்டான். நான் நிம்மதியாகச் சங்கிலிகளைக் கழற்றினேன். சரியாக அப்போதுதான் கரண்ட் போனது.

பெல்ட் தயங்கித் தயங்கி நின்றது. ரோட்டில் ஓர் அணுகுண்டு வெடித்தது. ராமு துள்ளி எழுந்து தகரக் கதவை முட்டினான். அந்தக் கதவை ஒரு சணல் கயிறுதான் பிடித்துக்கொண்டிருந்தது.

மில்காரர் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துத் தட்டியபடி, வாயாலேயே மில்லை ஓட்ட ஆரம்பித்தார். கடகடவென்று கல் சுற்றும் சத்தம், நடுவே பெல்ட் வழுக்கும் சத்தம், தவிடு கொட்டும் சத்தம் எல்லாம் அச்சு அசலாக வந்தன. ராமு திரும்பிப் பார்த்தான்.

மூச்சு வாங்கும் இடைவெளியில் என்னை முறைத்தார். “சும்மா நிக்கறீங்களே சார். எனக்கு மூச்சு முட்டுது, கொஞ்சம் நீங்க ஓட்டுங்க.”

அலுவலகத்தில் என் குரல் பக்கத்து மேசையைத் தாண்டியதில்லை. ஓட்டினேன். நர்ஸம்மா வாளியைத் தட்டினார். சேவலும் சேர்ந்துகொண்டது. ராமு கதவை விட்டு வந்து மில்காரரின் காலடியில் சுருண்டு படுத்தான்.

கரண்ட் வந்து மோட்டார் ஓடத் தொடங்கிய பிறகும் அவர் வாயை நிறுத்தவில்லை. மறுபடி போய்விட்டால் என்ன செய்வது என்று சைகையில் கேட்டார்.

மறுநாள் நர்ஸம்மா வீட்டில் சாம்பார். மில்காரருக்குச் சுத்தமாகக் குரல் இல்லை. மிளகுக் கஷாயம் கொண்டுபோனேன். கையை ஆட்டி ராமுவைத்தான் முதலில் விசாரித்தார். அவர் குரல் திரும்பும்வரை எதிரில் மில் முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கென்னவோ தெருவே சத்தமில்லாமல் கிடப்பதுபோல் இருந்தது.